வாய்க்கா தண்ணி எங்க போவுது

அதெல்லாம் ஒண்ணும் இல்லடா சேகரு, உங்கம்மாவுக்கு உம்மேல கோவம் இல்ல. "நான் கொண்டாந்த பைய எதுக்கு நைனா அம்மா தூக்கிப் போயி வேலியாண்ட வெச்சுட்டா, அதுல இன்னா பாம்பா கீது?"னு காலைல கேட்டியே, அதுக்கு தான் இப்போ பதில் சொல்றேன். அப்போ சொல்லல. வலைல சிக்கு எடுக்கற மாதிரி திரும்பிக்கினேன். வாயத் தொறந்தா கத்துவேன், நான் கத்துனா நீயும் கத்துவ, அப்பால சாப்புடாம பஸ் ஏறிடுவ. நம்ம வூட்டுல பேச்சு அப்டி தான் முடியுது. அதனால எழுதறேன். ஏழாவது பாதில பள்ளிக்கூடத்த உட்டு ஓடியாந்தவன் எழுதறது, தப்பு இருந்தா சிரிச்சுக்கோ, ஆனா கடைசி வரைக்கும் படி. படிச்சுட்டு பொன்னேரில உன்கூட வேலைக்கு சேர்ற பசங்களுக்கும் குடு. நாலு பேரு படிக்கட்டும்னு தான் எழுதறேன். உன்ன வெச்சு எழுதுனா தான் எனக்கு எழுத வருது, அவ்ளோ தான்.

அந்த பைக்குள்ள இன்னா இருந்துச்சுனு நானும் பாத்தேன். பொன்னேரி ஒரக் கடக்காரர் குடுத்த வெதை நெல்லு பொட்டலம், படம் போட்ட நோட்டீஸு, கைக்குள்ள அடங்கற மாதிரி ஒரு மருந்து டப்பா. திங்கக்கெழமலேருந்து மைக் கட்டுன வண்டில ஊரு ஊரா போயி, இந்த வெதைய போடுங்க, பூச்சி வந்தா இந்த மருந்த இப்டி கலந்து அடிங்கனு செஞ்சு காட்டணும். அது தான உன் வேல? நேத்து நீ எவ்ளோ சந்தோசமா சொன்ன, "திருப்பாலைவனத்துலேருந்து ஏரிக்கர வரைக்கும் எனக்கே குடுத்துட்டாங்கம்மா, நம்ம பக்கம் பூரா நான் தான்"னு. உங்கம்மா கரண்டிய சட்டிக்குள்ளயே உட்டுட்டு எழுந்து போனா. நீ அவ மொகத்த பாக்கல, பைய தொறந்து நோட்டீஸ எடுத்துக்கினு இருந்த. நான் பாத்தேன்.

உனக்கு வேல கெடச்சது எனக்கு வயித்தெரிச்சல்னு நெனைக்காத. உன்ன படகுல ஏத்தாதீங்கனு குப்பத்துல எல்லார்கிட்டயும் சண்ட போட்டு உன்ன ப்ளஸ் டூ வரைக்கும் தள்ளுனவன் நான் தான். எனக்கு இன்னும் நாப்பது ஆவல, அதுக்குள்ள எத்தினி வேலடா பாத்துட்டேன். லாரில கிளீனரு, காசிமேட்டுல ஐஸ் ஒடைக்கறது, மெட்ராஸ்ல டீக்கட, எதுலயும் நெலச்சு நிக்கல, எல்லாத்தையும் உட்டுட்டு திரும்பவும் இந்த பழவேற்காடு ஏரி. பத்தொம்பது வயசுல உங்கம்மாவ கட்டிக்கினேன், நீ பொறந்த, அப்பாலயும் எனக்கு கால் தரைல நிக்கல. எங்க நைனா சொன்ன ஒரு பேச்சையும் நான் கேட்டதில்ல. அப்டிப்பட்டவன் உன்ன ஒக்கார வெச்சு, என் பேச்ச கேளுடானு சொல்றதுக்கு எனக்கே கூச்சமா இருக்கு. சொல்றத தெரிஞ்சுக்கோ. அப்பால உன் இஷ்டம்.

உனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. மல்லிகா. மல்லி மல்லினு கூப்புடுவோம். உனக்கு அவள ஞாபகம் இருக்கும், ஆனா முழுசா இருக்காது. வாந்திபேதி வந்து போயிட்டானு தான் உனக்கு சொல்லி வெச்சோம், குப்பத்துலயும் அப்டியே சொல்ல சொன்னோம். அது வாந்திபேதி இல்லடா. மெய்யா இன்னா நடந்துச்சுனு உங்கிட்ட சொல்லவே கூடாதுனு உங்கம்மா என் கைய புடிச்சு சத்தியம் வாங்குனா. இத்தன வருசம் காப்பாத்துனேன். இன்னிக்கு உடைக்கறேன். நேத்து சட்டில கரண்டிய உட்டுட்டு போனவ, வேலியாண்ட அந்த பை பக்கத்துலயே விடியற வரைக்கும் ஒக்காந்துக்கினு இருந்தா. அதுக்கு மேல சத்தியத்த வெச்சுக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்.

ஏழுமலைய உனக்கு தெரியும். தை மாசம் தவறாம மாட்டு வண்டில நெல்லு மூட்ட கொண்டாந்து எறக்கிட்டு, வூட்டுக்குள்ள வராம வெளியவே நின்னு சொம்புல தண்ணி வாங்கி குடிச்சுட்டு போவாரே, அவரு தான். "அவரு எதுக்கு நைனா உள்ள வரமாட்டாரு, நாம மீன் புடிக்கறவங்கனா?"னு சின்ன வயசுல ஒருக்கா கேட்ட. நான் உன் மண்டைல தட்டுனேன். அந்தாளு ஒரு காலத்துல நம்ம வூட்டு அடுப்பாண்ட ஒக்காந்து நண்டு ஒடச்சு தின்னவருடா. திருப்பாலைவனத்துக்கு இந்தாண்ட, அவரு வயலுலேருந்து பொறப்படற வாய்க்கா நம்ம குப்பத்துக்கு பக்கத்துல வந்து தான் ஏரில உழுவுது. அவரு வூட்டுக்கும் நம்ம வூட்டுக்கும் எங்க தாத்தன் காலத்துலேருந்தே மாத்து உண்டு. காரப்பொடி தெரியுமில்ல, வெரல் நீளம் கூட வராத பொடி மீனு, முள்ளும் செதிலுமா. விக்காம நிக்கற காரப்பொடிய மணல்ல காயப்போட்டு மூட்ட கட்டி அவரு வயலுக்கு எடுத்துக்கினு போவோம். அவருக்கு அதான் எரு. அறுப்பு முடிஞ்சா அவரு நமக்கு நெல்லு அளப்பாரு. துட்டுனு ஒண்ணு நடுவுல கெடையாது. அவரு சம்சாரம் களத்துல நின்னுக்கினு என்ன கிண்டல் பண்ணும், "பாருங்கடி, வர்றப்போ நாத்தத்த கொண்டாந்து கொட்டிட்டு போறப்போ வாசத்த மூட்ட கட்டிக்கினு போறான்"னு. நான் உடமாட்டேன், "அந்த நாத்தம் இல்லனா உங்க சோத்துல வாசம் ஏதுக்கா"னு திருப்பி குடுப்பேன். அவரு அளக்கற நெல்லு கிச்சிலி சம்பா. ஒலைல கொதிக்கறப்போவே தெருவுக்கு தெரியும்.

அப்பால ஒரு வருசம் மூட்டையோட போயி நிக்கறேன், ஏழுமலை தலைய சொறியறாரு. "இந்த தடவ காரப்பொடி வேணாம் தம்பி. ஜீப்புல வந்து புது வெதை குடுத்துட்டு போயிருக்காங்க. குட்ட நெல்லு. அதுக்கு வெள்ளையா உப்பு மாதிரி ஒண்ணு தூவனாலே போதுமாம்"னாரு. நான் உடுவனா, "அண்ணே, உப்பு தான் வேணும்னா நான் ஏரி தண்ணிய மொண்டாந்து ஊத்தறேன்"னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். சும்மா சொல்லக்கூடாது, அந்த வெதை வெளஞ்சுச்சு. களம் கொள்ளல. அந்த வருசம் அவரு பொண்ணுக்கு கல்யாணம் முடிச்சாரு, வூட்டுக்கு ஓடு மாத்துனாரு. உன் கட முதலாளி சொல்றது அத்தினியும் பொய்னு நான் சொல்ல வரல. பசிச்ச காலம் அது, ரேசன்ல மக்காச்சோளம் வாங்கி தின்ன காலம், நெல்லு வெளஞ்சா யாருக்கு கசக்கும். ஆனா அடுத்த போகத்துலயே பூச்சி வந்துச்சு. புகையான். வயலு வட்ட வட்டமா காஞ்சு போச்சு. பூச்சிக்கு மருந்து அடிச்சாரு. அப்பால அந்த மருந்துக்கு பூச்சி சாவல, கடைல வேற குடுத்தாங்க, அத்த அடிச்சாரு. பழைய நெல்லுக்கு இதெல்லாம் தேவப்படல. புதுசு நின்னா மருந்தோட தான் நிக்கும், இல்லனா உழுந்துடும். எனக்கு தெரிஞ்ச வெவசாயம் அவ்ளோ தான், தப்பா இருந்தா நீ படிச்சவன், திருத்திக்கோ.

இப்போ சொல்றது தான் உனக்கு தெரியணும். எமர்ஜென்சி முடிஞ்ச வருசம், ஐப்பசி, மொத மழ கொட்டிச்சு. பள்ளிக்கூடம் லீவு உட்டாங்க, நீ வூட்டுல இருந்த. நம்ம குப்பத்துல மொத மழைக்கு ஒண்ணு நடக்கும். ஏரி உப்புத் தண்ணி, வாய்க்காலேருந்து நல்ல தண்ணி பாய்ஞ்சு உள்ள வந்தா மீனுக்கு மயக்கம் வரும். மடவ மீனு எல்லாம் தலைய மேல நீட்டிக்கினு, வாயத் தொறந்து தொறந்து மூடிக்கினு, குடிகாரன் மாதிரி சுத்தும். வல வேணாம், தூண்டி வேணாம், கையால அள்ளலாம். அன்னிக்கு ஆம்பளைங்க தண்ணில எறங்கக்கூடாது, பொம்பளைங்களும் கொழந்தைங்களும் தான் அள்ளணும். அந்த மீன விக்கவும் கூடாது. ஏரி சொம்மா குடுத்தது, எல்லா வூட்டுக்கும் பங்கு போட்டு அன்னிக்கே ஆக்கி தின்னுடணும். பண்டிக மாதிரிடா அது. வருசா வருசம் பாத்தது. மீன் மயங்குனா புதுத் தண்ணி வந்துச்சுனு அர்த்தம், வேற ஒரு அர்த்தம் இருக்கும்னு நம்ம ஆளு எவனுக்கும் தோணாது. வெளியூர்க்காரன் எவனாவது நின்னிருந்தா, மீனு ஏன்டா இப்டி சுத்துதுனு பயந்து தள்ளி நின்னிருப்பான். நமக்கு தான் எல்லாம் தெரியுமே.

அன்னிக்கு காலைல "மீனு ஏறிச்சு, மீனு ஏறிச்சு"னு ஒரே சத்தம். உங்கம்மா பொடவைய முட்டி வரைக்கும் சொருவிக்கினு எறங்கிட்டா. நீயும் மல்லியும் பின்னாலயே. நாங்க கரைல நின்னு பீடி புடிச்சுக்கினு கிண்டல். "பல்ல காட்டிக்கினு நிக்காதீங்க, கூடையவாச்சும் புடிங்க"னு உங்கம்மா கத்துறா. "இன்னிக்கு உங்க ராஜ்ஜியம்மா, நாங்க வேடிக்க பாக்கற ஜனம்"னு எங்க பக்கத்துலேருந்து ஒருத்தன். மல்லிக்கு மார் வரைக்கும் தண்ணி. ஒரு மடவைய கட்டி புடிச்சுக்கினு வர்றா, அவ கைய விட அது பெருசு, "நைனா, என்து தான் பெருசு, அண்ணன்து சின்னது"னு கத்திக்கினே தண்ணிய குடிக்கறா, துப்புறா, சிரிக்கறா. அந்த வருசம் நண்டு கூட கரைக்கு ஏறி வந்துச்சு. புதுத் தண்ணிக்கு நண்டு ஏறாது. "நண்டுக்கும் லீவு உட்டுட்டாங்களாடா"னு ஒருத்தன் கேட்டான், நாங்க சிரிச்சோம். அவ்ளோ தான். அதுக்கு மேல யாருக்கும் ஒண்ணும் ஒறைக்கல.

மத்தியானம் கொழம்பு. மல்லி புடிச்ச மடவைல சென இருந்துச்சு. ஐப்பசி மடவைல சென கட்டி கட்டியா இருக்கும், மஞ்சளா, மீன் அள்ளுனவங்கள்லயே சின்ன கைக்கு தான் மொத சென குடுக்கணும், அது வழக்கம். உங்கம்மா அத்த மல்லி தட்டுல வெச்சா. உனக்கு வந்துச்சே கோவம். "நான் கூட தான் புடிச்சேன், எப்போ பாத்தாலும் அவளுக்கே"னு தட்ட தள்ளி உட்டுட்டு, வலைக் குவியல் பக்கத்துல போயி குப்புற படுத்துக்கினு அழுத. "நாளைக்கு உனக்கு தரேன்டா என் கண்ணு, வாடா"னு உங்கம்மா எவ்ளோ கூப்புட்டா. நீ வரல. சோறும் தின்னல. மல்லி உன்ன பாத்துக்கினே, காட்டி காட்டி தின்னா.

சேகரு, இத்த தான் உனக்கு சொல்லக்கூடாதுனு அவ சத்தியம் வாங்குனது. நீ ஏங்கி அழுததும், அவ தின்னதும், நீ தின்னாததும் உன் மனசுல ஒரு காலமும் ஏறக்கூடாதுனு. நான் இப்போ சொல்றேன், நல்லா கேட்டுக்கோ, எட்டு வயசு பையன் சென கேட்டு அழுதா அது ஒரு தப்பும் கெடையாது. நீ கோச்சுக்கினு படுத்ததால தான் இன்னிக்கு நீ இருக்க. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. தோண்டாத.

வெயில் சாயறதுக்குள்ள, நான் சோத்துல கை வெக்கறதுக்கு முன்னாடியே, ஆரம்பிச்சுது. மொதல்ல உங்கம்மா வாந்தி எடுத்தா. பக்கத்து வூடுங்கள்லயும் அதே. மல்லிக்கு கை கால் இழுக்குது, கண்ணு மேல சொருவுது, வாயில நொர. நான் தூக்கிக்கினு ஓடுனேன். பழவேற்காட்டுல காதர் பாய்னு மீன் ஏத்தற வேன் வெச்சிருந்தாரு, ஐஸ் போட்டு மெட்ராஸ் அனுப்ப சரக்கு ஏத்திக்கினு இருந்தாரு. பொண்ண பாத்தாரு, ஏத்துன கூடைங்க அத்தினியும் ரோட்டுல எறக்கி போட்டுட்டு "ஏறுப்பா, ஏறும்மா"னாரு. ஐஸ் தண்ணி சொட்டற வேனுக்குள்ள உங்கம்மா ஒரு பக்கம் வாந்தி எடுத்துக்கினு, மல்லி என் மடில தூக்கி தூக்கி போட்டுக்கினு. பாய் முன்னால ஒக்காந்து ஓதிக்கினே ஓட்டறாரு. திருப்பாலைவனம் தாண்டறப்போ ஒடம்பு ஆட்டம் நின்னுச்சு. சரியாயிடுச்சுனு நெனச்சேன்டா நான். "பாய், நின்னுடுச்சு பாய்"னு சந்தோசமா சொன்னேன். அவரு திரும்பி பாத்துட்டு வண்டிய ஓரம் கட்டுனாரு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நெல்லு. பச்ச பசேல்னு, ஒரு எல கூட பூச்சி கடிக்காம.

உங்கம்மாவ பொன்னேரி ஆஸ்பத்திரில சேத்து காப்பாத்துனாங்க. டாக்டரு இன்னா சாப்ட்டீங்கனு கேட்டாரு, சொன்னேன். "பக்கத்துல எங்கயாச்சும் வயலுக்கு மருந்து அடிச்சாங்களா?"னு கேட்டாரு. அந்த கேள்விய என் காது அப்போ தான் மொத தடவ கேக்குது. மீனுல இருந்துச்சா, அவ நாள் பூரா நின்னு குடிச்ச தண்ணில இருந்துச்சா, சென தான் அவள கொண்டுக்கினு போச்சானு அவரு உறுதியா சொல்லல. எவரும் சொல்லல. இன்னி வரைக்கும் எனக்கு தெரியாது. தெரியாததயும் உங்கிட்ட தெரியும்னு சொல்லி பயமுறுத்த மாட்டேன்.

மல்லிய பொதச்ச மறுநாள் ஏழுமலைய தேடிக்கினு போனேன். இடுப்புல வல அறுக்கற கத்தி. அவரு வரப்பு மேல ஒக்காந்திருந்தாரு, மருந்து அடிக்கற பித்தள டாங்கு பக்கத்துல. விசயம் அதுக்குள்ள அவருக்கு வந்துடுச்சு. "மழைக்கு முன்னாடி நாளு இந்த வரிசைல எல்லாரும் அடிச்சோம் தம்பி. ராவுல மழ கொட்டி வயலு ரொம்பிச்சு. பயிரு அழுவிடும்னு வரப்ப வெட்டி உட்டோம்"னாரு. நான் கேட்டேன், "வாய்க்கா எங்க போவுதுனு உனக்கு தெரியாதா? நீ எங்க வூட்டுக்கு எத்தினி தடவ அந்த கரை மேல நடந்து வந்திருக்க?" அவரு என்ன பாத்து, "தண்ணி போனா சரினு தான் பாத்தேன். அது எங்க போவுதுனு நெனைக்கல. உங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு தோணவே இல்ல"னாரு. பொய் சொல்லி இருந்தா குத்தி இருப்பேன். அந்தாளு மெய்ய சொன்னாரு. அப்போ தான் கெணத்தாண்ட ஒரு மூல வயலு என் கண்ணுல பட்டுச்சு. அங்க மட்டும் நெல்லு ஒசரமா நிக்குது. பழைய சம்பா. "அதுக்கு மருந்து அடிச்சியா?"னேன். இல்லனு தலைய ஆட்டுனாரு. "உன் வூட்டு சோத்துக்கு மட்டும் மருந்து வேணாமா? அப்போ உனக்கு தெரிஞ்சிருக்குடா"னு அவரு சட்டைய புடிச்சேன். "சத்தியமா இல்ல தம்பி. எம் பொண்டாட்டிக்கு புது அரிசி தொண்டைல எறங்கல, பழசு தான் வேணும்னா, அதுக்காக வெச்சேன்"னு அழுவறாரு. அன்னிக்கு நம்பல. இப்போ நம்பறேன். விக்கறதுக்கு ஒண்ணு, திங்கறதுக்கு ஒண்ணுனு பிரிச்சு வெக்கறது எங்க ஆரம்பிக்குதுனு அவருக்கே தெரிஞ்சிருக்காது. மொதல்ல ருசிக்காகனு தான் ஆரம்பிக்கும்.

அந்த தை மாசத்துலேருந்து தான் அவரு வண்டி கட்டிக்கினு வர ஆரம்பிச்சாரு. அந்த மூலைல வெளஞ்ச நெல்லு மட்டும். மொத வருசம் உங்கம்மா மூட்டைய பிரிச்சு ரோட்டுல கொட்டுனா. அவரு குனிஞ்சு அள்ளி கட்டிக்கினு போனாரு. அடுத்த வருசமும் வந்தாரு. அப்போ உனக்கு காய்ச்சல், வூட்டுல கடை அரிசி, உங்கம்மா அத்த கைல எடுத்து எடுத்து பாக்கறா, இது எந்த வயலு, இன்னா அடிச்சாங்கனு அவளுக்கு தெரியல, ஒலைல போட பயப்படறா. கடைசில ஏழுமலை மூட்டைய அவளே உள்ள இழுத்துக்கினு வந்தா. "இவன் அடிச்சா அடிச்சேனு சொல்லுவான், அடிக்கலனா அடிக்கலனு சொல்லுவான்"னா. நீ வளந்தது பூரா அந்த மூல அரிசில தான். அவருக்கு நான் திரும்பவும் காரப்பொடி குடுக்கறேன். அந்த மூல இப்போ கொஞ்சம் பெருசாயிருக்கு. நாங்க ரெண்டு பேரும் இப்போ சிரிச்சு பேசறதில்ல. மூட்ட எறங்குதா, ஏறுதா, அவ்ளோ தான்.

நீ பொன்னேரில ரூம் எடுத்து தனியா ஆக்கி திங்கப்போற, அதனால ஒண்ணு ரெண்டு சொல்றேன், எரிச்சல் படாத. அரிசி இங்கேருந்து உங்கம்மா கட்டி குடுப்பா, பஸ்ல தூக்கிக்கினு போவ வெக்கமா இருந்தாலும் தூக்கு. கத்திரிக்கா வாங்குனா பளபளனு ஓட்ட இல்லாம இருக்கறத பாத்து மயங்காத, புழு ஓட்ட இருக்கறத எடு, புழு அத்த தின்னுட்டு உசுரோட இருந்துச்சுனா நீயும் இருப்ப. கீரக்காரம்மாவ எந்த ஊரு, எந்த தண்ணினு கேளு. மொறைக்கும், மொறைக்கட்டும். கேக்கறதுக்கு கூச்சப்படாத, நாம கேக்காம போனதுக்கு தான் இவ்ளோவும். முடிஞ்ச வரைக்கும் வெளைய வெச்சவன் மொகம் தெரிஞ்ச பொருளா பாத்து தின்னு. வெலை சல்லிசா இருக்குனு மொகம் தெரியாதத அள்ளிக்கினு வராத. இன்னிக்கு வெதை ஜீப்புல வந்துச்சு, மருந்து டப்பால வந்துச்சு, நாளைக்கு வேற எப்டியெல்லாம் மாத்தி கொண்டாருவாங்களோ, யாரு கண்டா. வர்றப்போ எல்லாம் படிச்சவங்க கண்டுபிடிச்சதுனு தான் சொல்லிக்கினு வரும். நீயும் நேத்து அதான் சொன்ன.

இன்னொண்ணு. ஐப்பசி பொறந்தா உங்கம்மா கோலெடுத்துக்கினு வாய்க்கா ஏரில உழுவற எடத்துல போயி நிக்கறாளே, அத்த பத்தி. குப்பத்து பசங்க தண்ணி கிட்ட வந்தா அடிப்பா, வாயில வந்தத திட்டுவா, மழைல நனைஞ்சுக்கினே நிப்பா. "வாய்க்கா பைத்தியம்"னு பசங்க கத்துனப்போ நீ கேட்டும் கேக்காத மாதிரி அந்த பக்கம் திரும்பி நின்ன. பத்தாவது படிக்கறப்போ, "அம்மாவ உள்ள ஒக்கார சொல்லு நைனா, மானம் போவுது"னு எங்கிட்டயே சொன்ன. உனக்கு தெரியாது, நான் உன்ன திட்ட மாட்டேன். இப்போ தெரிஞ்சுக்கினியா?

போவாதனு சொல்லணும்னு தான் இத்த எழுத ஆரம்பிச்சேன். எழுதி எழுதி பாத்துட்டேன், அந்த ஒரு வார்த்த மட்டும் வர மாட்டேங்குது. உனக்கு வேல வேணும். நீ போவலனா அந்த வண்டில வேற ஒருத்தன் ஏறுவான், அவனுக்கு இந்த வாய்க்கா எங்க போவுதுனு சுத்தமா தெரியாது. நீ போவாம இருந்தா உங்கம்மா நிம்மதியா தூங்குவா, அது நெசம். ஆனா நான் உன் வயசுல இருந்தா இந்த கடுதாசிய கிழிச்சு போட்டுட்டு போயிருப்பேன், அதுவும் நெசம்.

போனினா ஒண்ணு பண்ணு. இந்த வரிசைல எந்த ஊருல, எந்த நாளு மருந்து அடிக்கறாங்கனு உனக்கு முன்னாலயே தெரியும், நீ தான அடிக்க சொல்லப்போற. முன்னாடி நாளே வந்து சொல்லு. பஸ் இல்லனா நடந்து வா. எம்மேல கோவமா இருந்தா எங்கிட்ட வேணாம், அவகிட்ட சொல்லு. எந்த நாளுனு தெரியாததால தான் அவ மாசம் பூரா மழைல நிக்கறா. நீ நாள சொன்னா அன்னிக்கும் மறுநாளும் மட்டும் நிப்பா. மத்த நாளு வூட்டுக்குள்ள ஒக்காரட்டும்டா.

படகு தள்ளிட்டாங்க, எம்பேர சொல்லி கத்தறானுங்க. நான் போணும்.